வரி கட்டி வாங்கிய ரயில்: ஒரு சின்ன ஸ்டேஷனோடு பழகிய அனுபவம்

திருவாரூரிலிருந்து காரைக்குடி போகும் லைனில், பட்டுக்கோட்டைக்கு முன்னால் எங்கள் ஊர் ஸ்டேஷன் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே டிக்கெட் கொடுப்பவர் ஒரே ஒருவர்தான். ஊரைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். ரயிலில் போய் வருகிறவன் என்பதாலும், மனு எழுதத் தெரிந்தவன் என்பதாலும், ஸ்டேஷன் விஷயம் எதுவானாலும் ஊரில் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படிப் பல வருஷம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி ஸ்டேஷன் உள்ள ஊர்க்காரர்களுக்கு உதவும்.

முதலில் பழைய கதை. "நம்ம வரிப்பணத்துல வந்த ரயிலுடா இது" என்று தாத்தா சொல்வார். அது வெறும் ஊர்ப் பெருமையில்லை. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்குப் பணம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு ரயிலுக்கென்று தனியாக ஒரு செஸ் வாங்கினார்கள். மிராசுதாரும் கட்டினார், காணி நிலம் வைத்திருந்தவரும் கட்டினார். வண்டி ஓட்டும் பொறுப்பு மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. ஜில்லா போர்டு ஒன்று தன் பணத்தில் ரயில் விடுவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். பின்னால் மற்ற ஜில்லா போர்டுகளும் இதைப் பார்த்துத்தான் கிளம்பின.

1902-இல் பாதை பட்டுக்கோட்டைக்குப் போனது, அடுத்த வருஷம் அறந்தாங்கிக்கு. அங்கே போய் நின்றது நின்றதுதான். காரைக்குடியைத் தொட 1952 ஆகிவிட்டது. இந்த லைனிலிருந்து இரண்டு கிளைகளும் பிரிந்தன. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் ஒன்று, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் இன்னொன்று. அந்த இரண்டாவது கிளை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தைத் தாண்டிக் கோடிக்கரை வரை போனது. உப்பு மூட்டைகள் அந்த வழியாகத்தான் வெளியூர் பார்த்தன.

மீட்டர் கேஜ் காலத்தில் எங்கள் ஸ்டேஷனில் இரண்டு தண்டவாளம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கைகாட்டி மரம், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, எல்லாம் உண்டு. ஒற்றைப் பாதை ஆனதால் எதிர் வண்டி வந்தால் ஒன்று லூப் லைனில் ஒதுங்க வேண்டும். நிற்காமல் போகும் வண்டிக்குப் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். வளையத்தில் இருக்கும் பையில் டோக்கன். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை உனக்குத்தான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. டிரைவர் ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, பழையதை வீசிவிட்டுப் போவார். எழும்பூரிலிருந்து காரைக்குடி போகும் கம்பன் எக்ஸ்பிரஸ் அப்படித்தான் எங்களைக் கடந்து போகும். நிற்காது.

அப்போது டிக்கெட் என்றால் தடித்த அட்டை. எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களில் கொண்டுவந்த முறை, நூற்றைம்பது வருஷம் தாண்டியும் எங்கள் ஊர் ஜன்னலில் இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண் இருக்கும். மாலையில் அடுத்து விற்க இருக்கும் அட்டையின் எண்ணிலிருந்து காலையில் அப்படி இருந்த எண்ணைக் கழித்தால் அன்றைய விற்பனை கிடைத்துவிடும். கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இதைவிட எளிமையான பேரேடு கிடையாது.

2012-இல் அகலப் பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். ஏழு வருஷம் ஆனது. அதற்குள் முத்துப்பேட்டை மீன் கூடையும் பேராவூரணித் தேங்காயும் முழுக்க லாரிக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் சினிமாவில் பார்ப்பது என்று ஆகிவிட்டது. நடுவில் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. தென்னை போனது, வீட்டுக் கூரை போனது, ஸ்டேஷன் வாசலில் இருந்த மரங்களும் போயின. புது பிளாட்பாரம் நிழலே இல்லாமல் நின்றது. இன்றைக்கும் அங்கே மத்தியானத்தில் குடையில்லாமல் உட்கார முடியாது. முதியவர்களோடு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூன் 1-ஆம் தேதி டெமு, அதாவது டீசலில் ஓடும் பாசஞ்சர் ரயில், வந்தது. வந்த விதம்தான் வேடிக்கை. பாதை தயார், வண்டி தயார், லெவல் கிராசிங் கேட்டும் தயார். கேட்டைச் சாத்தத்தான் ஆள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். ரயில் மெதுவாகக் கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட் வரை ஓடும். அங்கே மறுபடியும் இதே கதை. திருவாரூரிலிருந்து காரைக்குடி சுமார் 150 கிலோமீட்டர். அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"அண்ணே, இதுக்கு நடந்தே போயிருக்கலாம் போலிருக்கே" என்று ஒரு கேட் கீப்பரிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

"நீங்க ஒருதடவை போறீங்க தம்பி. நான் இறங்கி ஏறி இறங்கி ஏறி, நடந்தேதான் காரைக்குடி போறேன்" என்றார்.

அந்த மாதங்களில் வண்டி காலியாகப் போனது. ஆறு மணி நேரம் உட்கார யாருக்குப் பொறுமை? பஸ் பாதி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் வண்டி காலியாகப் போகிறது என்பது கணக்கில் ஏறுகிறதே, அதுதான் என்னை உறுத்தியது. ஏன் காலி என்ற காரணம் அந்தக் கணக்கில் வராது. ஆள் ஏறவில்லை என்பது மட்டும்தான் வரும். அந்த நாளிலிருந்துதான் எங்களில் சிலர் வீம்புக்காகவே டிக்கெட் வாங்கி ஏறினோம். அப்புறம் முன்னாள் ராணுவத்தினரைக் கேட் வேலைக்கு எடுத்தார்கள், வேகம் கூடியது, பயண நேரமும் நன்றாகக் குறைந்தது.

இப்போது எங்கள் ஸ்டேஷன் ஒரு ஹால்ட். லூப் லைன் போய்விட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, சிக்னல் இல்லை. ரயில் வந்து நிற்கும், கார்டு இருபுறமும் பார்த்துக் கொடி காட்டுவார், கிளம்பும். கார்டு என்ற பதவிக்கு 2022-லிருந்து டிரெயின் மேனேஜர் என்று பெயர். ஊரில் இன்னும் கார்டுதான்.

டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர் இல்லை, கமிஷன் ஏஜெண்ட். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து விற்பார். விற்றதற்குக் கமிஷன், அவ்வளவுதான். மாதச் சம்பளம் கிடையாது. 10 ரூபாய் டிக்கெட்டில் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஊரில் "கவுண்டர் எப்போதும் பூட்டியே கிடக்கிறது" என்று புகார் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்டி வரும் நேரத்துக்கு அவர் வருகிறாரா என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர்க்காரர் வருகிறார். சில்லறை மட்டும் வைத்திருக்க மாட்டார், அதை நாம் கொண்டுபோக வேண்டும்.

போனிலேயே டிக்கெட் எடுக்கலாம். முன்பு யுடிஎஸ், இப்போது ரயில்ஒன், இரண்டும் ரயில்வேயின் சொந்த ஆப்தான். பெரிய ஊரில் வரிசையில் நிற்காமல் தப்பிக்க நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒன்று நினைவில் வையுங்கள்: காகிதமில்லாத டிக்கெட்டைப் பிளாட்பாரத்துக்கு வந்தபின் எடுக்க முயன்றால் மறுத்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஏறும்போது ஏஜெண்டிடமே வாங்குகிறேன். போனில் எடுத்தாலும் நம் ஸ்டேஷன் கணக்கில்தான் சேரும், அவருக்குத்தான் ஒன்றும் சேராது. அவர் போதும் சாமி என்று விட்டுவிட்டால், ஆப் தெரியாத கிழவிகளுக்கு டிக்கெட் கொடுக்க ஆள் இருக்காது.

டிக்கெட் பற்றி ஊரில் அடிக்கடி தகராறு வரும் இடங்கள் சில உண்டு. 200 கிலோமீட்டருக்குள் போகும் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு ஆயுள் குறைவு. வாங்கியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள், அல்லது அதன்பின் அந்த ஊருக்குக் கிளம்பும் முதல் வண்டிக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏறினால் செல்லாது. அப்புறம் சாதாரணக் கட்டணமும் எக்ஸ்பிரஸ் கட்டணமும் வேறு வேறு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டு, குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள். 2024-இல்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. திரும்பியதும் புதுச் சிக்கல் வந்தது. 10 ரூபாய் டிக்கெட்டோடு திருவாரூரில் அவசரமாக ஏதோ ஒரு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். பரிசோதகர் வந்தால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் உண்டு. அபராதம் குறைந்தது 250 ரூபாய். எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: டெமு வண்டி எண் 7-இல் தொடங்கும், மின்சாரத்தில் ஓடும் மெமு 6-இல், சாதாரண பாசஞ்சர் 5-இல்.

தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். முடிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். எங்கள் ஏஜெண்டிடம் சீசன் கிடைக்காது, பெரிய ஸ்டேஷனிலோ ஆப்பிலோதான். எடுக்கும்போது திருவாரூரில் வேலை என்பதற்காக "திருவாரூரிலிருந்து" என்று போட்டுவிடாதீர்கள், உங்கள் ஊரிலிருந்து என்று போடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப் போதும், அல்லது 139-க்குப் போன் போட்டால் சொல்வார்கள். தனியார் ஆப்கள் சில, வண்டியில் இருப்பவர்களின் போனை வைத்து இடத்தைச் சொல்கின்றன. எங்கள் பக்கம் டவர் விட்டுவிட்டு வருவதால் வண்டி வயலில் நிற்பதாகக் காட்டும், தலையைத் தூக்கினால் பிளாட்பாரத்தில் நிற்கும். ஹால்ட்டில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. டெமுவில் எல்லாப் பெட்டியிலும் கழிப்பறை இருக்காது. சர்க்கரை நோயாளிகளை, குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் ஏறும்போதே விசாரித்து அந்தப் பெட்டியில் உட்காருங்கள்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். வண்டி கேட்பது எப்படி?

2023 ஏப்ரல் 8-ஆம் தேதி தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் இந்த வழியாக ஓடத் தொடங்கியது. அதே நாளில்தான் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப் பாதையிலும் ரயில் வந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது தாம்பரம்–ராமேஸ்வரம் தினசரி எக்ஸ்பிரஸும் இந்தப் பக்கம் வந்தது. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி வண்டியும் இதே வழிதான். ஒவ்வொரு வண்டி வரும்போதும் லைனில் உள்ள எல்லா ஊரும் "எங்க ஊர்ல நிக்கணும்" என்று கிளம்பும். எங்கள் ஊரும் கிளம்பியது. முதல் மனுவை ஊர்ப் பெரியவர்கள் எழுதினார்கள். இரண்டு பக்கம். சோழர் காலக் கோயில், தலைவர்கள் வந்து தங்கிய ஊர், பாரம்பரியம் மிக்க மண் என்றெல்லாம். படித்தால் கண் கலங்கும். பதில் வரவில்லை. இன்னொரு மனுவை நேரில் கொண்டுபோனபோது, இது எங்கள் பிரிவில் இல்லை, அடுத்த மாடிக்குப் போங்கள் என்றார்கள். அடுத்த மாடியில் திரும்பக் கீழே அனுப்பினார்கள்.

பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்காராமல், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டேன். 10 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே போடலாம், ரயில்வே கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. "எங்கள் ஊரில் ஏன் ரயில் நிற்கவில்லை" என்று கேட்காதீர்கள், கருத்துக் கேள்விக்குப் பதில் வராது. நான் கேட்டது இவ்வளவுதான்: கடந்த இரண்டு வருஷத்தில் மாதவாரியாக இந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய பயணிகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, அதில் சீசன் எத்தனை, செல்போன் டிக்கெட் எத்தனை.

பதிலைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நான் கண்ணால் பார்க்கும் கூட்டத்துக்கும் தாளில் இருந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்கள் ஒரு பங்கு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு, நாணயமாகக் காசு கொடுத்தும் வேறு ஊர்க் கணக்கில் கொடுத்தவர்கள். சென்னைக்குப் போகிறவர் திருவாரூரில் ஏறுவதாக முன்பதிவு செய்கிறார். சீசன் எடுப்பவர் திருவாரூரிலிருந்து என்று எடுக்கிறார். டிக்கெட்டில் எந்த ஊரிலிருந்து என்று அச்சாகிறதோ அந்த ஊருக்குத்தான் பயணி சேர்வார். ரயில்வேயைப் பொறுத்தவரை நாங்கள் எல்லோரும் திருவாரூர்க்காரர்கள். கோயில் எத்தனை நூற்றாண்டு பழையதானாலும் இந்தக் கணக்கை மாற்றாது.

பக்கத்தில் ஒரு ஊருக்கு ஒரு எக்ஸ்பிரஸ் நிறுத்தம் கிடைத்தது. இம்மாதிரி நிறுத்தங்களைப் பெரும்பாலும் ஆறு மாதச் சோதனை என்றுதான் தருவார்கள். முதல் நாள் மாலை, மேளம், டிரைவருக்குச் சால்வை, எல்லாம் ஆனது. மறுவாரத்திலிருந்து பழைய பழக்கம். ஆன்லைனில் எடுப்பவர்கள் விரல் போகும் ஊரையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் நண்பர் ஒருவர் டீக்கடையில் ஒரு பலகை எழுதி வைத்தார்: "நம்ம ஊர்ல ஏறினா நம்ம ஊர் பேருல டிக்கெட் எடுங்க." நான் பார்த்த விளம்பரங்களிலேயே பயனுள்ளது அதுதான்.

ஆகவே எங்கள் மூன்றாவது மனு ஒரே பக்கம். வண்டி எண், நேரம், எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் நிறுத்தம் கேட்கிறோம், பக்கத்து நிறுத்தங்கள் எவ்வளவு தூரம், சுற்றியுள்ள கிராமங்கள், தகவல் உரிமைப் பதிலின் நகல். அவ்வளவுதான். கோட்ட மேலாளருக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒன்று, கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவில் உள்ள ஓர் உறுப்பினருக்கு ஒன்று. இந்தக் குழுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த உறுப்பினர் எழுத்தில் கேள்வி கொடுத்தால், கூட்டத்தில் எழுத்தில் பதில் வரும். நமக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான்.

இன்னொன்றும் செய்தோம். எக்ஸ்பிரஸ் நிறுத்தத்தை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, டெமு நேரத்தை முதலில் வைத்தோம். ஊரில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. எக்ஸ்பிரஸ் நின்றால் கௌரவம், டெமுவுக்கு என்ன கௌரவம் என்றார்கள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து தினமும் ரயில் தேவைப்படுகிறவர்கள் யார்? திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளும், கல்லூரிப் பிள்ளைகளும், கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும்தான். மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். அதற்குப் பிந்தி வண்டி போய்ச் சேர்ந்தால் அந்த நோயாளி பஸ்ஸுக்குத்தான் போவார், அவர் டிக்கெட் நம் கணக்கில் வராது. நேரம் சரியானால் டிக்கெட் கூடும், டிக்கெட் கூடினால் எக்ஸ்பிரஸைக் கேட்க முகம் இருக்கும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஏஜெண்ட்தான் முதலில் கை தூக்கினார்.

இப்போது "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. பழைய மனுக்களுக்கு அதுகூட வந்ததில்லை. அடுத்த தகவல் உரிமை விண்ணப்பத்துக்குத் தேதி குறித்து வைத்திருக்கிறேன். இதற்கிடையில் சென்னை, திருப்பூர் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருக்கிறோம்: பொங்கலுக்கு வரும்போது திருவாரூரில் இறங்கி டெமு பிடிக்கிறவர்கள், திரும்பும்போது அந்த 10 ரூபாய் டிக்கெட்டை நம் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போங்கள், சில்லறையோடு வாருங்கள் என்று.